ராணுவத்திடமே கணக்கு கேட்ட ட்ரூமன்: ஒரே ஒரு போன் காலில் நின்றுபோன விசாரணை, 2 ஆண்டில் அவர் மேசைக்கே வந்தது எப்படி?

ஹாரி ட்ரூமன் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ஹிரோஷிமாவும் நாகசாகியும்தான். அணுகுண்டு போட உத்தரவிட்ட அமெரிக்க அதிபர்.

ஆனா அவரை அதிபர் நாற்காலி வரைக்கும் கொண்டுபோனது போர்க்களம் இல்லை. கணக்கு நோட்டு! ராணுவ கேம்ப் கட்ட எவ்வளவு செலவாச்சு, சிமென்ட் எங்கே போச்சு, கான்ட்ராக்டருக்கு ஏன் இவ்வளவு பணம் என்று கேட்டுக்கேட்டே நாடு முழுக்க பிரபலமானவர் அவர். அந்த விசாரணையின் நடுவே ஒரு கதவை மட்டும் தட்டாமல் விட்டார். அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது எது தெரியுமா? அணுகுண்டு.

யார் இந்த ட்ரூமன்? ராணுவத்தின் செலவை ஒரு நாடாளுமன்ற கமிட்டி எப்படி தோண்டி எடுத்தது? எங்கே நிறுத்திக்கொண்டது? பார்க்கலாம்.

கண்ணாடி போட்ட விவசாயி

1884 மே 8-ம் தேதி அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் லாமர் என்ற சின்ன ஊரில் பிறந்தார் ட்ரூமன். அப்பா விவசாயி, கோவேறு கழுதை வியாபாரமும் உண்டு. சின்ன வயசிலேயே கண்பார்வை ரொம்ப மோசம். சோடாபுட்டி கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியாது. வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் சேரும் ஆசை அந்தக் கண்களாலேயே கலைந்தது.

பேங்க்கில் கிளார்க் வேலை பார்த்தார். பிறகு 1906 முதல் குடும்ப நிலத்தில் சுமார் 10 ஆண்டுகள் விவசாயம். முதல் உலகப்போர் வந்ததும் ராணுவத்தில் சேர்ந்து, பிரான்ஸில் ஒரு பீரங்கிப் படைப்பிரிவுக்கு கேப்டனாக இருந்தார். சிப்பாய்க்கு சாப்பாடு, பூட்ஸ், குண்டு நேரத்துக்கு வரலைன்னா என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்தவர்.

போர் முடிந்து ஊர் திரும்பியதும் ராணுவ நண்பர் ஒருவரோடு சேர்ந்து 1919-ல் கன்சாஸ் சிட்டியில் ஆண்களுக்கான துணிக்கடை திறந்தார். 1922-லேயே கடை மூழ்கிவிட்டது. திவால் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. பல ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கடனை அடைத்தார். ஒவ்வொரு டாலருக்கும் கணக்குப் பார்க்கும் பழக்கம் இங்கேதான் ஊறியது.

அரசியலுக்கு வந்தது எப்படி?

கன்சாஸ் சிட்டியில் அப்போது டாம் பெண்டர்காஸ்ட் வைத்ததுதான் சட்டம். கான்ட்ராக்ட், பதவி, ஓட்டு எல்லாம் அவர் கைக்குள். அவர் ஆதரவில்தான் ட்ரூமன் 1922-ல் ஜாக்சன் கவுன்டியின் நிர்வாகப் பதவிக்கு வந்தார். பதவியின் பெயர் நீதிபதி என்றாலும் வேலை என்னவோ நம்ம ஊர் மாவட்ட ஊராட்சித் தலைவர் மாதிரி ரோடு, கட்டடம், பட்ஜெட்தான்.

ஆச்சரியம் என்னவென்றால், ஊழலுக்குப் பேர்போன அந்தக் கூட்டத்துக்குள் இருந்துகொண்டே ட்ரூமன் ரோடு கான்ட்ராக்ட்களை ஒழுங்காக நடத்தினார். 1928-ல் மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புதல் தந்த 65 லட்சம் டாலர் கடன் பத்திரப் பணத்தில் கவுன்டி முழுக்க கான்கிரீட் சாலைகள் வந்தன. கான்ட்ராக்டர் எங்கே ஏமாற்றுவார், எங்கே கலவையைக் குறைப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

1934-ல் அமெரிக்க செனட்டுக்குப் போனார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெயர் காங்கிரஸ். அதன் மேலவைதான் செனட். அங்கே பலர் இவரை மதிக்கவே இல்லை. பெண்டர்காஸ்ட் அனுப்பிய ஆள் என்று கிண்டல். 1939-ல் பெண்டர்காஸ்ட் வரி ஏய்ப்பு வழக்கில் ஜெயிலுக்குப் போனதும் ட்ரூமன் கதையும் முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனா 1940 தேர்தலில், சொந்தக் கட்சிக்குள் நடந்த போட்டியில் நூலிழையில் ஜெயித்துத் திரும்பி வந்தார்.

காரை எடுத்துக்கொண்டு கிளம்பிய செனட்டர்

அந்த நேரத்தில் ஐரோப்பாவில் ஹிட்லரின் படைகள் பிரான்ஸைப் பிடித்துவிட்டன. அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. ஆனா அவசர அவசரமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. 1940 நடுவில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர்கள் சுமார் 2.7 லட்சம் பேர்தான். கட்டாய ராணுவ சேவை சட்டம் வந்தபின், அடுத்த ஓராண்டில் அது 14 லட்சத்தைத் தாண்டியது.

இத்தனை பேரும் எங்கே தங்குவார்கள்? எங்கே சாப்பிடுவார்கள்? ராத்திரியோடு ராத்திரியாக ஊர் ஊராக ராணுவ கேம்ப்கள் எழும்பின. பாதுகாப்புக்காக 1940-ல் மட்டும் 1,000 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது காங்கிரஸ். பணம் தண்ணீராக ஓடியது.

மிசோரியில் கட்டிக்கொண்டிருந்த ஃபோர்ட் லியோனர்ட் வுட் கேம்ப் பற்றி ட்ரூமனுக்குப் புகார்க் கடிதங்கள் வர ஆரம்பித்தன. அவர் கமிஷன் போடச் சொல்லி அறிக்கை விடவில்லை. 1941 தொடக்கத்தில் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு தானே கிளம்பிவிட்டார். ஆயிரக்கணக்கான மைல் பயணம். செனட்டர் வருகிறார் என்று முன்கூட்டியே சொல்லாமல் கேம்ப் கேம்பாகப் போய் நின்றார்.

பார்த்தது என்ன? விலை கொடுத்து வாங்கிய மரமும் சாமான்களும் மழையிலும் பனியிலும் கிடந்து வீணாகின்றன. வேலையாட்கள் நூற்றுக்கணக்கில் சும்மா நிற்கிறார்கள், சம்பளம் மட்டும் ஏறுகிறது. பெரிய கம்பெனிகளுக்கே கான்ட்ராக்ட். சின்ன கம்பெனிகளுக்கு வாசலிலேயே கதவடைப்பு.

15 ஆயிரம் டாலரில் ஒரு கமிட்டி

1941 பிப்ரவரி 10-ம் தேதி செனட்டில் எழுந்து பேசினார் ட்ரூமன். ராணுவ கான்ட்ராக்ட்களை விசாரிக்க ஒரு தனிக் கமிட்டி வேண்டும் என்பது கோரிக்கை. மார்ச் 1-ம் தேதி அனுமதி கிடைத்தது. கோடிக்கணக்கான டாலர் செலவைக் கண்காணிக்க அவர் கேட்டது 25 ஆயிரம் டாலர். கொடுத்தது 15 ஆயிரம்!

மொத்தம் 7 செனட்டர்கள். ஆளுங்கட்சியான ஜனநாயகக் கட்சியிலிருந்து 5, எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியிலிருந்து 2. ட்ரூமன் தலைவர். தலைமை வழக்கறிஞராக வந்தவர் ஹ்யூ ஃபுல்டன்.

தொடங்கும் முன்பே ட்ரூமன் ஒரு விஷயத்தைத் தெளிவாக முடிவு செய்திருந்தார். 1860-களில் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போதும் காங்கிரஸில் ஒரு கமிட்டி இருந்தது. அது தளபதிகளுக்கே போர்த்தந்திரம் சொல்லிக்கொடுக்கப் போய், அதிபர் லிங்கனுக்குப் பெரிய தலைவலியாக மாறியது. அந்த வரலாற்றைப் படித்திருந்த ட்ரூமன், எந்தப் படை எங்கே போகணும், எப்போது தாக்கணும் என்பதில் கமிட்டி தலையிடாது என்று கோடு போட்டார். படைக்குப் போய்ச் சேர வேண்டிய சாமான், தங்குமிடம், வாகனம், அதற்கான பணம், ஃபைல் இவைதான் தங்கள் வேலை என்றார்.

இன்னொன்று, நேரம். முதல் உலகப்போர் முடிந்தபிறகு ஊழலைத் தோண்ட ஏகப்பட்ட கமிட்டிகள் வந்தன. அதற்குள் பணமும் போய்விட்டது, உயிரும் போய்விட்டது. செலவு நடக்கும்போதே கேட்டால்தான் பயன் என்பது ட்ரூமன் கணக்கு.

கேம்ப் கட்டியதில் என்ன நடந்தது?

கமிட்டி முதலில் கை வைத்தது கேம்ப் கட்டுமானத்தில்தான். ராணுவத்துக்கு சாப்பாடு, உடை, தங்குமிடம் எல்லாம் பார்ப்பது குவார்ட்டர்மாஸ்டர் படை. துப்பாக்கி தூக்காத நிர்வாகப் பிரிவு என்பதால் இதை யாரும் பெரிதாகக் கவனித்ததே இல்லை. கட்டுமானமும் இவர்களிடம்தான் இருந்தது.

வீடு கட்டியவர்களுக்கு இந்தப் பிரச்னை உடனே புரியும். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் மிச்சம் பிடிக்கும் கவலை மேஸ்திரிக்கு. ஆகிற செலவு முழுக்க நீங்களே கொடுத்து, மேலே ஒரு கூலியும் தருகிறேன் என்று சொன்னால்? செம்மண் லாரி எத்தனை வந்தாலும் அவருக்குக் கவலை இல்லை. ராணுவ கேம்ப்கள் கட்டப்பட்டது இந்த இரண்டாவது முறையில்தான். செலவு அத்தனையும் அரசு தரும். மேலே கான்ட்ராக்டருக்கு ஒரு கட்டணம். செலவைக் குறைத்தால் அவருக்கு எந்த ஆதாயமும் இல்லை.

விசாரணையில் வரிசையாக வெளிவந்தவை:

- முதல் உலகப்போரின்போது கேம்ப் கட்டிய அனுபவம் ராணுவத்துக்கு இருந்தது. அந்தப் பாடங்களை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.
- இடம் தேர்வு செய்ததிலேயே கோட்டை விட்டார்கள். ஃபுளோரிடாவில் கேம்ப் பிளாண்டிங் அமைந்த இடத்தில் சதுப்பு நிலம். தண்ணீரை வடிக்கவே தனிச் செலவு.
- மண் அள்ளும் மெஷின்களை வாடகைக்கு எடுத்தார்கள். சில இடங்களில் கொடுத்த வாடகை, மெஷினின் விலையையே தாண்டியது.
- சில கட்டட வடிவமைப்பாளர்களும் கான்ட்ராக்டர்களும் ஒரே கேம்ப் வேலையில், வழக்கமாக ஓராண்டில் பார்ப்பதைவிடப் பல மடங்கு சம்பாதித்தார்கள்.

1941 ஆகஸ்டில் ரிப்போர்ட் வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் கட்டுமானப் பொறுப்பு குவார்ட்டர்மாஸ்டர் படையிடமிருந்து எடுக்கப்பட்டு, பொறியாளர் படையிடம் போனது. கேம்ப் விசாரணையால் மட்டும் சுமார் 25 கோடி டாலர் மிச்சமானதாக அப்போது மதிப்பிடப்பட்டது. 15 ஆயிரம் டாலரில் தொடங்கிய கமிட்டிக்கு அடுத்தடுத்து நிதியும் கூடியது.

படகு, விமானம், இரும்பு

1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதல். அமெரிக்கா போரில் குதித்தது. போர் நேரத்தில் இந்தக் கமிட்டி எதுக்கு, கலைத்துவிடலாம் என்று போர்த்துறையிலிருந்து குரல் வந்தது. அதிபர் ரூஸ்வெல்ட் சம்மதிக்கவில்லை. கமிட்டி தொடர்ந்தது. அதன்பிறகு எடுத்த சில விவகாரங்கள், பணத்தோடு உயிரும் சம்பந்தப்பட்டவை.

கப்பலிலிருந்து டாங்கியைக் கரையில் இறக்கும் படகு ஒன்று வேண்டும். கடற்படையின் கப்பல் வடிவமைப்பு அலுவலகம், தான் வரைந்த டிசைன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தது. நியூ ஆர்லியன்ஸில் ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ் என்ற படகு கட்டுபவர் அதைவிட நல்ல படகு வைத்திருந்தார். 1942 மே மாதம் இரண்டையும் கடலில் ஒரே நாளில் இறக்கிப் பார்த்தார்கள். கொந்தளிக்கும் கடலில் கடற்படைப் படகு தத்தளித்தது. ஹிக்கின்ஸ் படகு வேலையை முடித்துவிட்டு வந்தது. இத்தனை நாள் ஏன் இதை ஒதுக்கினீர்கள் என்று கடற்படை அலுவலகத்தை ரிப்போர்ட்டில் வெளுத்து வாங்கியது கமிட்டி.

அடுத்து பி-26 குண்டுவீச்சு விமானம். பயிற்சியிலேயே விழுந்து நொறுங்கிக்கொண்டிருந்தது. இறக்கை சின்னதாக இருப்பதுதான் கோளாறு என்று தயாரிப்பாளர் கிளென் மார்ட்டினே கமிட்டி முன் ஒப்புக்கொண்டார். ஆனா வேலை ரொம்ப தூரம் போய்விட்டது, கான்ட்ராக்ட்டும் கையில் இருக்கிறது, மாற்றுவது கஷ்டம் என்றார். அப்படியானால் இனி பணம் வராது என்று ட்ரூமன் சொல்ல, இறக்கையை மாற்ற உடனே சம்மதம் வந்தது.

1943-ல் ஓஹியோவில் ரைட் நிறுவனத்தின் விமான இன்ஜின் தொழிற்சாலை. கோளாறான பாகங்களும் இன்ஜின்களும் பாஸ் ஆகிப் போய்க்கொண்டிருந்தன. பரிசோதிக்க வேண்டிய ராணுவ அதிகாரிகளே கண்ணை மூடிக்கொண்டார்கள். ராணுவம் முதலில் மறுத்தது. பிறகு மூன்று அதிகாரிகள் ராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். அதே ஆண்டு, பிட்ஸ்பர்க் அருகே கார்னகி இல்லினாய்ஸ் கம்பெனியின் ஆலையில் இரும்புத் தகடுகளின் பரிசோதனை முடிவுகளைப் பொய்யாக எழுதி அனுப்பியதும் வெளியே வந்தது. கப்பல் கட்டப் போன தகடுகள் அவை!

கமிட்டி சொன்னதை ஏன் கேட்டார்கள்?

முதல் காரணம், ரிப்போர்ட்கள் ஒருமனதாக வந்தன. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டன. இது அரசியல் பழிவாங்கல் என்று யாரும் தள்ளிவிட முடியவில்லை.

இரண்டாவது, ரிப்போர்ட் வெளியாகும் முன் அதை சம்பந்தப்பட்ட துறைக்கோ கம்பெனிக்கோ காட்டினார்கள். தவறு இருந்தால் திருத்திச் சொல்லலாம். பல இடங்களில் ரிப்போர்ட் வெளிவரும் முன்பே பிரச்னை சரிசெய்யப்பட்டது. கமிட்டி வருகிறது என்ற பயமே பாதி வேலையை முடித்தது.

மூன்றாவது, ட்ரூமனே ஆளுங்கட்சிக்காரர். சொந்தக் கட்சி அரசைக் கேள்வி கேட்டார். ஆனா கவிழ்க்கப் பார்க்கவில்லை.

1943 மார்ச்சில் டைம் பத்திரிகையின் அட்டையில் அவர் படம் வந்தது. பெண்டர்காஸ்ட் ஆள் என்ற பேச்சு காணாமல்போனது.

எல்லா இடத்திலும் ஜெயித்தார்களா என்றால், இல்லை. கனடாவின் வட மூலையிலிருந்து எண்ணெய் கொண்டுவர கேனல் என்ற குழாய்த் திட்டத்தை ராணுவம் தொடங்கியது. 13 கோடி டாலருக்கு மேல் செலவு. இது தேறாது என்று பலர் எச்சரித்தும் ராணுவம் கேட்கவில்லை, கமிட்டி கண்டித்தும் நிறுத்தவில்லை. 1945-ல் ராணுவமே அதைக் கைவிட்டது.

அந்த ஒரு போன் கால்

இனிதான் கதையின் முக்கியமான இடம்.

1943-ல் கமிட்டியின் விசாரணை அதிகாரிகள் கண்ணில் ஒரு விநோதம் பட்டது. வாஷிங்டன் மாநிலத்தில் பாஸ்கோ என்ற ஊர் பக்கத்தில் பிரம்மாண்டமாக ஒரு வேலை நடக்கிறது. நிலம் எடுக்கிறார்கள், பணம் கொட்டுகிறது. ஆனா உள்ளே என்ன தயாராகிறது என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. கமிட்டி வழக்கம்போல் கேள்வி கேட்க ஆரம்பித்தது.

ஜூன் 17-ம் தேதி போர்த்துறை அமைச்சர் ஹென்றி ஸ்டிம்சனும் ட்ரூமனும் போனில் பேசினார்கள். அது மிக முக்கியமான ரகசிய வேலை, உலகத்தில் இரண்டு மூன்று பேருக்கு மேல் முழு விவரம் தெரியாது, இதை மட்டும் விட்டுவிடுங்கள் என்ற பொருளில் கேட்டுக்கொண்டார் ஸ்டிம்சன். ட்ரூமன் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் ஒப்புக்கொண்டார். ஸ்டிம்சன் நேர்மையானவர் என்பது அவர் நம்பிக்கை.

அந்த இடம்தான் ஹான்ஃபோர்ட். நாகசாகி குண்டுக்கான புளூட்டோனியம் தயாரான ஆலை. மன்ஹாட்டன் திட்டம் என்ற அணுகுண்டுத் திட்டத்தின் ஒரு பகுதி.

அந்தத் திட்டத்துக்கு ஆன மொத்த செலவு சுமார் 200 கோடி டாலர். மழையில் நனைந்த மரக்கட்டைக்குக் கணக்குக் கேட்ட கமிட்டி, போரின் மிகப்பெரிய ரகசியச் செலவைத் தொடவில்லை. காங்கிரஸ் தலைவர்கள் சிலருக்கு மட்டும் 1944-ல் ரகசியமாகச் சொல்லப்பட்டது. மற்ற உறுப்பினர்கள் என்னவென்றே தெரியாமல் பணத்துக்கு ஓட்டுப் போட்டார்கள்.

அடுத்த ஆண்டு ஹான்ஃபோர்ட்டில் பணம் வீணாகிறது என்று மறுபடி புகார்கள் வந்தன. ட்ரூமன் மறுபடி கேட்டார். ஸ்டிம்சனுக்குக் கோபமே வந்தது. கதவு திறக்கவில்லை.

ட்ரூமன் செய்தது சரியா? விஷயம் வெளியே கசிந்து ஜெர்மனி உஷாராகியிருந்தால் என்ன ஆகும் என்று ஒரு தரப்பு கேட்கும். நாடாளுமன்றத்தில் யாருமே கேள்வி கேட்காமல் இப்படி ஒரு ஆயுதம் உருவானது சரியா என்று இன்னொரு தரப்பு கேட்கும். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான்.

82 நாளில் மாறிய வாழ்க்கை

கமிட்டி தந்த பெயரால் 1944-ல் துணை அதிபர் வேட்பாளராகத் தேர்வானார் ட்ரூமன். ஆகஸ்டில் கமிட்டி தலைவர் பதவியை விட்டார். 1945 ஜனவரி 20-ல் துணை அதிபர். பதவிக்கு வந்த 82-வது நாள், ஏப்ரல் 12-ம் தேதி, ரூஸ்வெல்ட் இறந்துவிட்டார். ட்ரூமன் அதிபர்!

பதவியேற்பு முடிந்து எல்லோரும் கலைந்தபோது ஸ்டிம்சன் மட்டும் பின்தங்கி நின்றார். புதுவகை வெடிபொருள் ஒன்று தயாராகிறது என்று சுருக்கமாகச் சொன்னார். ஏப்ரல் 25-ம் தேதி முழு விவரமும் ட்ரூமன் முன் வைக்கப்பட்டது. இரண்டு ஆண்டு முன்பு எதை விசாரிக்காதே என்றார்களோ, அதைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்ற கேள்வி இப்போது அவர் மேசையில்.

ஜூலை 16-ல் சோதனை. ஆகஸ்ட் 6-ல் ஹிரோஷிமா. 9-ல் நாகசாகி. ஹிரோஷிமாவில் மட்டும் அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1.4 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு.

கேள்வி கேட்டவரே பதில் சொல்லும் இடத்தில்

கமிட்டி அனுபவம் அதிபர் ட்ரூமனை விடவில்லை. ராணுவமும் கடற்படையும் தனித்தனித் துறையாக இருந்து, ஒரே சாமானை இரண்டு பேரும் போட்டிபோட்டு வாங்கிய கூத்தை அவர் பார்த்திருந்தார். 1947-ல் தேசிய பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டு இரண்டையும் ஒரே குடைக்குள் கொண்டுவந்தார். 1949-ல் அது பாதுகாப்புத்துறை என்ற பெயரைப் பெற்றது.

அதே ட்ரூமன், 1948-ல் அரசு ஊழியர்களின் விசுவாசம் தொடர்பான ஃபைல்களை காங்கிரஸுக்குத் தர மறுத்தார். 1950-ல் கொரியப் போர் வந்தபோது, லிண்டன் ஜான்சன் தலைமையில் ட்ரூமன் கமிட்டி பாணியிலேயே ஒரு துணைக்குழு அமைந்தது. இந்த முறை கேள்வி கேட்கப்பட்டது ட்ரூமன் அரசிடம்!

அவர் தொடங்கிய கமிட்டி 1948 வரை இயங்கியது. 432 பொது விசாரணைகள், 1,798 சாட்சிகள், 51 ரிப்போர்ட்கள். மிச்சப்படுத்திய தொகை 1,000 கோடி முதல் 1,500 கோடி டாலர் வரை இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. கமிட்டிக்கு ஆன செலவு 10 லட்சம் டாலருக்கும் குறைவு.

பிறகு அது செனட்டின் நிரந்தர விசாரணைத் துணைக்குழுவாக மாறியது. 1953-ல் அதற்குத் தலைவரானவர் ஜோசப் மெக்கார்த்தி. கம்யூனிஸ்ட் வேட்டை என்ற பெயரில் பலரின் வாழ்க்கையை நாசமாக்கியவர். அதிகாரம் அதேதான், சாட்சிக்கூண்டும் அதேதான். ஒருமனதான ரிப்போர்ட்டும், முன்கூட்டியே பதில் சொல்லத் தரும் வாய்ப்பும் மட்டும் அங்கே இல்லை.

1953-ல் பதவி முடிந்ததும் சொந்த ஊரான இண்டிபெண்டன்ஸுக்கு ரயிலேறிப் போனார் ட்ரூமன். 1972 டிசம்பர் 26-ல், 88 வயதில் காலமானார்.

இன்று உலகம் அவரை நினைப்பது அவர் கேட்காமல் விட்ட ஒரு கணக்கால்தான். ஆனா போர் நடக்கும்போது ராணுவத்திடம் செலவுக் கணக்குக் கேட்பது நாட்டைக் காட்டிக்கொடுப்பது ஆகாது, சிப்பாயின் உயிரைக் காப்பது என்று காட்டியவரும் அதே மனிதர்தான்.